கீமோவுக்கு முன் கருமுட்டையை உறைய வைக்கலாமா: ஓர் அண்ணனின் கேள்விக்குப் பதில்

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: உங்கள் தங்கைக்கு வயது 28, திருமணம் ஆகவில்லை, மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை அறுவை சிகிச்சையில் அகற்றிவிட்டார்கள், ஹார்மோன் ஏற்பி உள்ள வகை, அதாவது பெண் ஹார்மோனால் வளரக்கூடிய வகை, என்று ரிப்போர்ட் வந்திருக்கிறது, இன்னும் மூன்று வாரத்தில் கீமோ தொடங்க வேண்டும். புற்றுநோய் மருத்துவர் கருமுட்டையை உறைய வைப்பது பற்றி ஒரு வரி சொல்லி, வேண்டுமானால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று விட்டிருக்கிறார். "உயிர் பிழைத்தால் போதும், கல்யாணமே ஆகாத பெண்ணுக்கு இதெல்லாம் எதற்கு" என்கிறார் உங்கள் அம்மா. "இது அவசியமா" என்று நீங்கள் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் அறிய விரும்புவது, இதற்காகச் செலவிடும் நாட்கள் அவள் உயிருக்கு ஆபத்தாகுமா, அந்த ஊசிகள் புற்றைத் திரும்பக் கிளப்பிவிடுமா, மணமாகாத பெண்ணுக்கு இதைச் செய்யலாமா என்பவற்றைத்தான் என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

நான் சென்னையில் பல ஆண்டுகளாகக் கருத்தரிப்புச் சிகிச்சைத் துறையில் பணியாற்றும் மகப்பேறு மருத்துவர். புற்றுநோய் மருத்துவர் அல்ல. உங்கள் தங்கையின் ரிப்போர்ட்டுகளை நான் பார்க்கவில்லை. அவளுக்கு எந்தக் கீமோ, எத்தனை சுற்று, கீமோவை எத்தனை நாள் தள்ளலாம் என்பதை அவளுடைய புற்றுநோய் மருத்துவர் மட்டுமே சொல்ல முடியும். கீழே எழுதுவதை அவரிடமும் ஒரு கருத்தரிப்பு மருத்துவரிடமும் கேட்க வேண்டிய கேள்விகளுக்கான பின்னணியாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், கீமோ சினைப்பையில் என்ன செய்கிறது என்பதைப் பார்ப்போம். ஒரு பெண் தன் வாழ்நாளுக்குத் தேவையான முட்டைகள் அனைத்தையும் பிறக்கும்போதே கொண்டு வருகிறாள். பிறக்கும்போது பத்து, இருபது லட்சம் இருப்பவை, வயதுக்கு வரும் காலத்தில் மூன்று நான்கு லட்சமாகக் குறைந்துவிடுகின்றன. அதன் பிறகும் குறைந்துகொண்டேதான் போகின்றன. ஆணின் உடலில் விந்தணு புதிதாக உற்பத்தியாகிக்கொண்டே இருப்பதைப் போலப் பெண்ணின் உடலில் முட்டை புதிதாக உண்டாவதில்லை. வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்குவதற்கென்று தரப்படும் மருந்துகளில் சில, உறங்கிக்கொண்டிருக்கும் முட்டைகளின் மரபணுவையும் சிதைத்துவிடுகின்றன. மார்பகப் புற்றுநோய்க்குப் பரவலாகத் தரப்படும் சைக்ளோபாஸ்பமைடு இந்த வகையில் மிகக் கடுமையான மருந்துகளில் ஒன்று. எவ்வளவு இழப்பு ஏற்படும் என்பது மருந்தின் மொத்த அளவையும் பெண்ணின் வயதையும் பொறுத்தது. முப்பது வயதுக்கு உட்பட்ட பெண்களில் பெரும்பாலோருக்கு மார்பகப் புற்றுநோய்க் கீமோவுக்குப் பின் மாதவிடாய் திரும்பி வந்துவிடுகிறது. நாற்பதைக் கடந்தவர்களில் பலருக்கு வருவதில்லை. ஆகவே உறைய வைக்காவிட்டால் உங்கள் தங்கைக்குக் குழந்தையே பிறக்காது என்று யாராவது சொன்னால் அது மிகை. ஆனால் மாதவிடாய் திரும்புவதும் முட்டைக் கையிருப்பு அப்படியே இருப்பதும் ஒன்றல்ல. மாதம் தவறாமல் தீட்டு வரும் பெண்ணுக்கும் உள்ளே கையிருப்பு நாற்பது வயதுக்காரியின் அளவுக்கு இறங்கியிருக்கலாம்.

இவளுடைய நிலையில் கணக்கில் சேர்க்க வேண்டிய இன்னொன்று உண்டு. பல குடும்பங்கள் இதைக் கவனிப்பதில்லை. ஹார்மோன் ஏற்பி உள்ள வகை என்பதால் கீமோ முடிந்த பின், அந்த ஹார்மோன் கட்டியைத் தூண்டாமல் தடுக்கும் டாமோக்சிபென் போன்ற மாத்திரையை ஐந்து ஆண்டுகள், சில சமயம் பத்து ஆண்டுகள் எடுக்கச் சொல்வார்கள். அந்த மாத்திரை கருவைப் பாதிக்கக்கூடியது. அதை எடுக்கும் காலத்தில் கருத்தரிக்கக் கூடாது. கீமோ ஒரு பகுதி முட்டைகளைக் கொண்டுபோக, காத்திருக்கும் ஆண்டுகள் மீதியில் ஒரு பகுதியைக் கொண்டுபோகும். 28 வயதில் எடுத்து உறைய வைத்த முட்டை, பயன்படுத்தும் நாளிலும் 28 வயது முட்டைதான். அவள் விஷயத்தில் இதன் பயனில் பாதி கீமோவிலிருந்து காப்பது என்றால், மறுபாதி இந்தக் காத்திருப்புக் காலத்திலிருந்து காப்பது.

இனி நாட்கணக்கு. முன்பெல்லாம் மாதவிடாய் தொடங்கும் நாள் வரை காத்திருந்து அதன் பிறகே ஊசியைத் தொடங்குவோம். சிலருக்கு அதற்கே மூன்று வாரம் ஓடிவிடும். இப்போது புற்றுநோயாளிகளுக்கு அப்படிக் காத்திருப்பதில்லை. மாதச் சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கலாம் என்பதும், அதனால் கிடைக்கும் முட்டைகளின் எண்ணிக்கை குறைவதில்லை என்பதும் தெளிவாகிவிட்டது. முட்டைக் கையிருப்பைக் காட்டும் ஏஎம்ஹெச் என்ற இரத்தப் பரிசோதனையும் சினைப்பை ஸ்கேனும் எடுத்த அன்றைக்கோ மறுநாளோ ஊசி தொடங்கும். தினமும் வயிற்றில் தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் ஊசி, ஒன்பது முதல் பன்னிரண்டு நாட்கள். இடையில் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஸ்கேன். கடைசியாக முட்டையை முதிர வைக்கும் ஓர் ஊசி. அது போட்டு ஏறக்குறைய 36 மணி நேரத்தில் மயக்க மருந்து கொடுத்து முட்டைகளை எடுப்பார்கள். எடுப்பதற்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஆகாது, அன்று மாலையே வீட்டுக்குப் போய்விடலாம். சிக்கல் ஏதும் இல்லாவிட்டால் இரண்டு மூன்று நாளில் கீமோவைத் தொடங்கலாம். ஆக மொத்தம் இரண்டு வாரம். மார்பகப் புற்றுநோயில் அறுவைக்கும் கீமோவுக்கும் இடையே காயம் ஆறுவதற்காகவே சில வாரங்கள் விடுவது வழக்கம். அந்த இடைவெளிக்குள்ளேயே இது முடிந்துவிடும். உங்களுக்கு மூன்று வாரம் இருக்கிறது என்கிறீர்கள். இந்த வாரமே போனால் போதுமான காலம் உண்டு; அடுத்த வாரம் போனால் நெருக்கடி; அதற்கும் அடுத்த வாரம் போனால் கதவு மூடியிருக்கும். கீமோவின் முதல் சுற்றுக்குப் பின் முட்டை எடுப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. கிடைக்கும் எண்ணிக்கையும் குறையும், மருந்து பட்ட முட்டைகளின் தரத்தையும் நம்ப முடியாது.

ஹார்மோன் ஊசி புற்றைத் தூண்டுமா என்ற அச்சம் நியாயமானது. சாதாரண முறையில் முட்டைகளை வளர்க்கும்போது இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன் இயல்பைவிடப் பல மடங்கு உயரும். ஈஸ்ட்ரோஜனால் வளரும் கட்டி இருந்த பெண்ணுக்கு அதைச் செய்ய யாருக்கும் மனம் வராது. அதனால்தான் மார்பகப் புற்றுநோயாளிகளுக்கு அந்த ஊசிகளோடு லெட்ரோசோல் என்ற மாத்திரையையும் தருகிறோம். அது ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியையே தடுப்பதால், முட்டைகள் வளர்ந்தாலும் ஈஸ்ட்ரோஜன் அளவு இயல்பான ஒரு மாதத்தில் இருக்கும் அளவை ஒட்டியே நிற்கும். இது உறுதியாகத் தெரிந்த செய்தி. இதனால் நோய் திரும்பும் வாய்ப்பு கூடுகிறதா என்ற கேள்விக்கு, இதுவரையான ஆய்வுகள் இல்லை என்றே சொல்கின்றன. 2022-இல் வெளியான ஸ்வீடன் நாட்டு ஆய்வு ஒன்று, முட்டையோ கருவோ சினைப்பைத் திசுவோ சேமித்த 425 மார்பகப் புற்றுநோயாளிகளை, அப்படிச் சேமிக்காத 850 பேரோடு ஒப்பிட்டது. நோய் திரும்புவதிலோ இறப்பிலோ சேமித்தவர்களுக்குக் கூடுதல் ஆபத்து தென்படவில்லை. ஆனால் இந்த ஆய்வுகளில் யாருக்குச் சேமிப்பது, யாருக்கு வேண்டாம் என்று சீட்டுக் குலுக்கிப் பிரிக்கவில்லை. அப்படிப் பிரிப்பது அறமும் ஆகாது. நோயின் தீவிரம் குறைந்தவர்களே கூடுதலாகச் சேமிக்க முன்வந்திருக்கலாம். அதனால் ஆபத்து துளியும் இல்லை என்று நான் எழுதித் தர மாட்டேன். ஆபத்து கூடுவதாக எந்தச் சான்றும் இல்லை என்றுதான் சொல்வேன். அதற்கு மேல் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

முட்டை எடுக்கும் செயல்முறையில் உள்ள ஆபத்துகள் சிறியவை, ஆனால் இல்லாதவை அல்ல. சினைப்பை அளவுக்கு மீறித் தூண்டப்பட்டு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும் நிலை ஒன்று உண்டு. அது வந்தால் கீமோ தள்ளிப்போகும் என்பதால் நாங்கள் மிகவும் அஞ்சுவது அதற்குத்தான். முட்டையை முதிர வைக்க எந்த ஊசியைப் போடுவது என்பதை மாற்றிக்கொண்டதன் மூலம் இப்போது அதைப் பெரும்பாலும் தவிர்த்துவிட முடிகிறது. இரத்தப்போக்கு, தொற்று ஆகியவை அரிது. புற்றுநோயாளிகளுக்கு இரத்தம் உறையும் தன்மை கூடுதல் என்பதால் அதையும் கவனிக்க வேண்டும்.

மணமாகாத பெண் என்பதைப் பற்றி. அம்மாக்கள் என்னிடம் இதைக் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்பார்கள். அவர்கள் நேரடியாகக் கேட்கத் தயங்குவது, ஸ்கேனும் முட்டை எடுப்பதும் பிறப்புறுப்பு வழியாகத்தானே என்பது. ஆம், வழக்கமாக அந்த வழியாகத்தான். அந்த வழியில் சினைப்பை ஊசிக்கு மிக அருகில் இருக்கிறது. பாதுகாப்பும் கூடுதல், முட்டையும் கூடுதலாகக் கிடைக்கும். அது வேண்டாம் என்று பெண் நினைத்தால் ஸ்கேனை வயிற்றின் மேலிருந்து செய்யலாம். சினைப்பை எட்டும் இடத்தில் இருந்தால் முட்டையையும் வயிற்று வழியாக எடுக்கலாம், ஆனால் எல்லோருக்கும் இது சரிப்படாது. எடுக்கும்போது மயக்கத்தில் இருப்பாள், வலி தெரியாது. இதில் அம்மாவின் கூச்சத்தைவிடத் தங்கையின் விருப்பம்தான் முடிவு செய்ய வேண்டும். அதை அவளிடம் தனியாகக் கேட்க ஒரு பெண் மருத்துவரோ செவிலியரோ இருந்தால் நல்லது.

சட்டத்தில் தடை இல்லை. உதவிபெறும் இனப்பெருக்கத் தொழில்நுட்ப ஒழுங்குமுறைச் சட்டம் 2021, இருபத்தொரு வயதைக் கடந்த, ஐம்பது வயதுக்கு உட்பட்ட பெண் இத்தகைய சேவையைப் பெறலாம் என்கிறது. கணவன் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை. எழுத்து வழி ஒப்புதல் இல்லாமல் எதையும் உறைய வைக்கக் கூடாது. எவ்வளவு காலம் வைத்திருப்பது, அவள் இறந்துபோனால் அல்லது முடிவெடுக்க முடியாத நிலைக்குப் போனால் என்ன செய்வது என்பதையும் அந்தப் படிவத்தில் குறிப்பிட்டாக வேண்டும். இந்தக் கேள்வியைப் படித்ததும் குடும்பங்கள் பேனாவைக் கீழே வைத்துவிடுவதைப் பார்த்திருக்கிறேன். ஆனாலும் அதை வெற்றிடமாக விடாதீர்கள். புற்றுநோய்ச் சிகிச்சைக்கு முன் விந்தணுவை உறைய வைத்துவிட்டு இறந்துபோன ஓர் இளைஞரின் பெற்றோர், அதைப் பெறுவதற்காக வழக்காடி, 2024 அக்டோபரில்தான் தில்லி உயர் நீதிமன்றத்தில் சாதகமான தீர்ப்பைப் பெற்றார்கள். வாடகைத் தாய் முறை பற்றியும் கேட்டிருந்தீர்கள்: மணமாகாத பெண்ணுக்கு அதை வாடகைத்தாய்ச் சட்டம் அனுமதிப்பதில்லை. மார்பகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் கருப்பைக்குப் பொதுவாகப் பாதிப்பு நேர்வதில்லை என்பதால், அவளுக்குப் பெரும்பாலும் அது தேவைப்படவும் செய்யாது.

உறைய வைத்த முட்டை என்பது வைப்பு நிதியில் போட்ட பணம் போல முதிர்வு நாளில் நிச்சயமாகக் கைக்கு வரும் ஒன்றல்ல. நொடியில் உறைய வைக்கும் இன்றைய முறையில், மைனஸ் 196 பாகையில் திரவ நைட்ரஜனுக்குள் வைத்திருந்து வெளியே எடுக்கும்போது, நல்ல ஆய்வகத்தில் பத்தில் எட்டு ஒன்பது முட்டைகள் உயிரோடு இருக்கும். அவை எல்லாம் விந்தணுவோடு சேர்ந்து கருவாவதில்லை. கருவானவை எல்லாம் ஐந்தாம் நாள் வரை வளர்வதில்லை. வளர்ந்தவை எல்லாம் கருப்பையில் தங்குவதில்லை. இந்த வயதில் பத்துப் பதினைந்து முதிர்ந்த முட்டைகள் கிடைத்தால் ஒரு குழந்தைக்கு நல்ல வாய்ப்பு உண்டு என்று சொல்வேன், அவ்வளவுதான். நான்கு ஐந்துதான் கிடைத்தால் வாய்ப்பு வெகுவாகக் குறையும். இன்னொரு சுற்றுக்கு நேரமும் இருக்காது. கீமோவுக்குப் பின் இயல்பாகவே கருத்தரித்து, உறைய வைத்ததைத் தொடாமலே விட்டவர்களும் பலர். அதை வீண் செலவு என்று நான் நினைப்பதில்லை, ஆனால் நீங்கள் அப்படி நினைத்தால் அதில் தவறும் இல்லை.

மற்ற வழிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மணமானவர்கள் கருவாகவே உறைய வைப்பதுண்டு. உங்கள் தங்கைக்கு அது பொருந்தாது. சினைப்பையின் ஒரு பகுதியை லேப்ராஸ்கோப்பி என்ற சிறு துளை அறுவை மூலம் எடுத்து உறைய வைத்து, பின்னாளில் திரும்பப் பொருத்தும் முறையும் இருக்கிறது; இதன் மூலம் முதல் குழந்தை 2004-இல் பெல்ஜியத்தில் பிறந்தது. இரண்டு வாரம் கூடக் காத்திருக்க முடியாதவர்களுக்கும், வயதுக்கு வராத சிறுமிகளுக்கும் இதுவே வழி. ஆனால் இரத்தப் புற்றுநோயில் அந்தத் திசுவுக்குள்ளேயே நோய்ச் செல்கள் ஒளிந்திருக்கலாம் என்பதால் திரும்பப் பொருத்தத் தயங்குவோம். மூன்றாவதாக, கீமோ நடக்கும் காலம் முழுவதும் நான்கு வாரத்துக்கு ஒருமுறை கோசெரலின் போன்ற ஊசியைப் போட்டுச் சினைப்பையை உறங்க வைப்பது. 2015-இல் வெளியான ஓர் ஆய்வில், ஹார்மோன் ஏற்பி இல்லாத மார்பகப் புற்றுநோய் உள்ள பெண்களில், இந்த ஊசி போட்டவர்களில் 8 விழுக்காட்டினருக்கும் போடாதவர்களில் 22 விழுக்காட்டினருக்கும் இரண்டு ஆண்டில் சினைப்பை செயலிழந்திருந்தது. பயனுள்ள ஊசிதான், உங்கள் தங்கைக்கும் இதைக் கேட்டுப் பெறலாம். ஆனால் முட்டையை உறைய வைப்பதற்கு மாற்றாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. அதனோடு சேர்த்துத் தருவதே முறை.

சிகிச்சைக்குப் பின் கருத்தரித்தால் நோய் திரும்பாதா என்பது உங்கள் அம்மாவின் மனதில் இருக்கும் பெரிய பயமாக இருக்கலாம். மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டபின் கருத்தரித்த பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வுகளில், கருத்தரிப்பினால் நோய் திரும்புவது கூடவில்லை. இவளுடைய வகையைப் பற்றியே நேரடியாகப் பேசும் ஆய்வு ஒன்று 2023-இல் வெளியானது: 42 வயதுக்கு உட்பட்ட ஐந்நூற்றுச் சொச்சம் பெண்கள், 18 முதல் 30 மாதங்கள் டாமோக்சிபென் போன்ற ஹார்மோன் சிகிச்சை எடுத்தபின், அதிகபட்சம் இரண்டு ஆண்டுகள் அதை நிறுத்திவிட்டுக் கருத்தரிக்க முயன்றார்கள். மூன்று ஆண்டுகளில் அவர்களில் 8.9 விழுக்காட்டினருக்கு நோய் திரும்பியது. அந்தச் சிகிச்சையை நிறுத்தாத, ஒப்பிடத்தக்க பெண்களில் இது 9.2 விழுக்காடு. குறுகிய காலக் கணக்கு இது. ஹார்மோன் ஏற்பி உள்ள வகை பத்து, பதினைந்து ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடியது என்பதால் நீண்ட காலக் கணக்கு வரும் வரை இதை முழு உறுதியாகக் கொள்ள முடியாது. பிறக்கும் குழந்தைக்கு, தாய் முன்பு கீமோ எடுத்ததால் பிறவிக் குறை கூடுவதாகத் தெரியவில்லை. பரம்பரையாக வரும் பிஆர்சிஏ மரபணு மாற்றம் இருந்தால் மட்டும் குழந்தைக்கு அது போவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. 28 வயதில் வந்த நோய் என்பதால் அந்தப் பரிசோதனையைப் பற்றிக் கண்டிப்பாகக் கேளுங்கள்.

செலவு சிறியதல்ல. சென்னையின் தனியார் மையங்களில் ஒரு சுற்றுக்கு, ஊசி மருந்துகளையும் சேர்த்து, ஒன்றரை லட்சத்திலிருந்து இரண்டரை லட்சம் வரை ஆகலாம். ஆண்டுதோறும் சேமிப்புக் கட்டணம் தனி. மருத்துவக் காப்பீடுகள் பெரும்பாலும் இதை ஏற்பதில்லை. சில மையங்கள் புற்றுநோயாளிகளுக்குக் கட்டணத்தைக் குறைப்பதுண்டு, கேட்டால்தான் சொல்வார்கள். எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் கருத்தரிப்பு மையம் வந்திருக்கிறது, அங்கும் விசாரியுங்கள். இந்த நகரத்தின் சாலையோரங்களில் கருத்தரிப்பு மையங்களின் விளம்பரப் பலகைகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் புற்றுநோயாளிக்கு இதைச் செய்து பழகிய மையம் வேறு, குழந்தையின்மைக்கு மட்டும் சிகிச்சை தரும் மையம் வேறு. 2021 சட்டத்தின்படி இரண்டாம் நிலை மையமாக (முட்டை எடுக்கும் சிகிச்சைக்கு அனுமதி உள்ள மையமாக)ப் பதிவு பெற்றிருக்கிறதா, நாளைக்கே பார்ப்பார்களா, லெட்ரோசோல் சேர்த்துத்தான் தருவார்களா, உறைய வைத்த முட்டையிலிருந்து அங்கே குழந்தை பிறந்திருக்கிறதா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடலாம்.

ஆண்களைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இதைப் படிக்கும் வேறு யாருக்காவது உதவும் என்பதால் ஒரு சிறு பத்தி எழுதுகிறேன்: கீமோவுக்கோ அடிவயிற்றுக் கதிர்வீச்சுக்கோ போகும் இளைஞர், முதல் மருந்து ஏறும் முன்பு ஒரு நாள் ஒதுக்கினால் போதும், விந்தணுவை உறைய வைத்துவிடலாம். செலவு சில ஆயிரம்தான். அணுக்கள் குறைவாக இருந்தாலும் பயன்படுத்த இன்று வழி இருக்கிறது. இவ்வளவு எளிதான ஒன்று, வீட்டில் அப்பாவும் மகனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பேசத் தயங்குவதாலேயே நடக்காமல் போகிறது.

என் கருத்தைக் கேட்டால்: உங்கள் தங்கையின் புற்றுநோய் மருத்துவர் இரண்டு வாரத்துக்குத் தடை சொல்லாவிட்டால், இதைச் செய்துகொள்வதில் மருத்துவக் காரணங்கள் சாதகமாகவே இருக்கின்றன. ஆனால் செய்தாக வேண்டும் என்று நான் சொல்லவில்லை. குழந்தை வேண்டாம் என்றோ, இன்னொரு ஊசியை இந்த உடம்பு தாங்காது என்றோ அவள் முடிவெடுத்தால் அதுவும் முழுமையான முடிவுதான். நீங்கள் எழுதிய நீண்ட கேள்வியில் அம்மா சொன்னது இருக்கிறது, மாமா சொன்னது இருக்கிறது, வரப்போகும் சம்பந்தி வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற கவலைகூட இருக்கிறது. தங்கை என்ன சொன்னாள் என்பது மட்டும் இல்லை. ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திட வேண்டியவள் அவள் ஒருத்திதான்.

நாளைக் காலையில் புற்றுநோய் மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்து, கீமோ தொடங்கும் தேதியையும், அதைச் சில நாட்கள் தள்ளலாமா என்பதையும், எந்தெந்த மருந்துகள் என்பதையும் ஒரு கடிதமாகக் கேளுங்கள். பயாப்ஸி, அறுவை ரிப்போர்ட்டுகளையும் அண்மைய இரத்தப் பரிசோதனைகளையும் அந்தக் கடிதத்தோடு எடுத்துக்கொண்டு அன்றே கருத்தரிப்பு மருத்துவரைப் பாருங்கள். இரண்டு மருத்துவர்களும் வெவ்வேறு மருத்துவமனைகளில் இருந்தால், ஒருவரின் எண்ணை மற்றவரிடம் கொடுத்து நேரடியாகப் பேசச் சொல்லுங்கள். இடையில் நீங்கள் செய்தி சுமந்தால் நாட்கள் போய்விடும். உறைய வைப்பதில்லை என்று முடிவானாலும் கோசெரலின் ஊசியைப் பற்றி அப்போதே பேசிவிடுங்கள், ஏனென்றால் அதன் முதல் ஊசியைக் கீமோவுக்கு ஒரு வாரம் முன்னதாகவே போட்டாக வேண்டும்.